வாலெண்ணி

கல்லூரியின் பழைய கட்டடத்தில் படி இறங்கிக் கீழே போனால் இடது கைப்பக்கம் முதல் அறை. உள்ளே இருபது கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்கு ஒன்றாக இருபது பல்லிகள். வீட்டுச் சுவரில் ஓடுகிற விரலளவுப் பல்லி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், நீலச் சாம்பல் உடம்பு, அதன்மேல் செங்கல் நிறத்தில் புள்ளிகள். அவை எத்தனை தடவை வாலைத் தூக்குகின்றன என்று உட்கார்ந்து எண்ணுவதுதான் அவருக்கு வேலை.

நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். வாசலில் இருக்கும் வாட்ச்மேன் முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யோவ், நிஜமாவா? நாள் முழுக்க அதுங்க வாலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

"நாள் முழுக்க இல்லைய்யா. மூணு வேளை. வேளைக்கு ஒரு மணி நேரம்."

"வாலைத் தூக்கினா?"

"நோட்டுல ஒரு கோடு போடணும்."

"தூக்கலைன்னா?"

"போடக் கூடாது."

"அடப்பாவி, இதுக்கா நீ அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிச்சே? ஒண்ணாம் கிளாஸோட நின்னிருக்கலாமே!"

அன்றைக்கு வாட்ச்மேன் வைத்த பெயர்தான் வாலெண்ணி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தோட்டக்காரன், சமையல் கூடத்துப் பெண்கள், மாடிக்குப் பாடம் எடுக்கப் போகிற பெரியவர்கள்கூட அவரை வாலெண்ணி என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு வருத்தமில்லை. கூப்பிடுகிறார்களே, அதுவே போதும் என்று நினைக்கிற மனிதர்.

அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். செங்கல் சுமந்தார், அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்கினார், பிறகு இந்தக் கல்லூரித் தோட்டத்தில் பதினான்கு வருஷம் வேலி வெட்டினார். மகளுக்கு எட்டு வயதாகும்போது மனைவி காய்ச்சலில் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டது, சோறு பொங்கிப் போட்டது, பள்ளிக்கூடத்து வாசலில் குடையோடு நின்றது எல்லாம் இவர்தான். பின்னல் முதலில் கயிறு முறுக்கின மாதிரி வரும். "அப்பா, இது ஜடையா, பல்லி வாலா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கும் அது. பிற்காலத்தில் பல்லி வாலே தனக்குச் சோறு போடும் என்று அப்போது அவர் நினைத்தாரா என்ன? ஆண்டவன் கணக்கு நமக்கு எங்கே தெரிகிறது.

மகள் வளர்ந்தாள். நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனார். வீட்டில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றைத் துடைத்து மேலே கவிழ்த்து வைத்தார். அது நாலு வருஷமாக அங்கேயே கவிழ்ந்திருக்கிறது.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது மகள் சொன்னாள்: "அப்பா, மாசம் ஒரு தடவை கட்டாயம் பேசுறேன். தேதி சொன்னா நீங்க மறந்துடுவீங்க. பௌர்ணமின்னு வச்சுக்குவோம். தலையைத் தூக்கிப் பார்த்தாத் தெரிஞ்சுடும்ல?"

"சரிம்மா."

"எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். உங்களுக்குச் சாயங்காலம் ஆறு, ஆறேகால் இருக்கும்."

"சரிம்மா."

அவருக்கு அன்றைக்கு வாயில் வந்த வார்த்தை அந்த ஒன்றுதான்.

முழங்கால் தேய்ந்து வேலி வெட்ட முடியாமல் போனபோதுதான் டாக்டரம்மா அவரைக் கீழ் அறைக்குக் கேட்டு வாங்கினார். அந்த அம்மா மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின டாக்டர். ஊர்வனவற்றைப் பற்றி ஆராய்ச்சி. நாற்பது வயது இருக்கும். எப்போதும் தோளில் ஒரு பை, பையில் பாதி கடித்த பிஸ்கட் பொட்டலம். முதல் நாளே அவரை உட்கார வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் இல்லாமல், சரிக்குச் சமமாக விளக்கினார்.

"அண்ணா, இந்த வலது பக்கத்துப் பத்துப் பெட்டியைச் சுத்தி செம்புக் கம்பி சுத்தியிருக்கு பாருங்க. சுவிட்சைப் போட்டா கம்பியில கரண்ட் ஓடும். பெட்டிக்குள்ள ஒரு மின்காந்தப் புலம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. பல்லிக்குத் தெரியுதான்னுதான் கேள்வி."

"நமக்கே தெரியாதது அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். இன்னொண்ணு நிலா. பௌர்ணமி, அமாவாசைன்னா சில பிராணிகள் நடத்தை மாறுதுன்னு சொல்றாங்க. இந்த அறையில நிலா வெளிச்சமே வராது. அப்பவும் மாறுதான்னு பார்க்கணும். கலங்கினா இது வாலைத் தூக்கும். நீங்க கோடு போடுங்க. நாம நினைக்கிறதை இல்ல அண்ணா, பார்க்கிறதை மட்டும்."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடித்துப்போனது. தினமும் ஸ்டூலில் உட்காருமுன் கண்ணை மூடி, "ஆண்டவா, பார்க்கிறதைச் சரியாப் பார்க்கணும், எழுதுறதைச் சரியா எழுதணும்" என்று சொல்லிக்கொள்வார். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். காலையில் தண்ணீர் தெளிப்பார், பூச்சி போடுவார், கண்ணாடி துடைப்பார். மனிதர் முகத்தைப் பார்ப்பதைவிடப் பல்லி முகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். மூன்றாம் பெட்டி சோம்பேறி. பதினான்காம் பெட்டி கோபக்காரி. ஏழாம் பெட்டிப் பல்லி மட்டும் அவர் உள்ளே வந்ததும் கண்ணாடிப் பக்கம் நகர்ந்து வந்து உட்காரும். அவர் அதனோடு பேசுவார். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்பார். அது இமையில்லாத கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்ளும். அதுவே பதில்.

அறை வாசலில் ஒரு மரத்தட்டு. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு அட்டை: செல்போன், கைக்கடிகாரம், சாவி இங்கே வைக்கவும். உள்ளே கொண்டுபோகக் கூடாது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தினமும் தன் பட்டன் போனைத் தட்டில் வைத்துவிட்டுப் போவார். மாசத்தில் இருபத்தெட்டு, இருபத்தொன்பது நாள் அப்படித்தான்.

பௌர்ணமி அன்று மட்டும் வைக்க மாட்டார்.

தட்டு இருக்கிற இடத்தில் சிக்னல் கிடையாது. மொத்த அடித்தளத்திலும் கிடையாது. அறைக்குள் இடது சுவரின் மேல் அடுக்கில், ஏழாம் பெட்டிக்குப் பின்னால், கூரையை ஒட்டி ஒரு சின்னக் காற்று ஜன்னல். கறுப்புத் துணி போட்டு மூடியது. அதற்கு நேர் கீழே வைத்தால் மட்டும் போனில் ஒரு கோடு வரும், போகும். சாயங்கால எண்ணிக்கை ஆறிலிருந்து ஏழு. மகள் கூப்பிடுகிற நேரமும் அதுவே. வேலையை விட்டு வெளியே போனால் கணக்குத் தப்பும். போனை வெளியே விட்டால் மகள் தப்பிப் போவாள். அவர் என்ன செய்வார்? சத்தத்தை அடக்கி, அதிரும்படி வைத்து, ஏழாம் பெட்டிக்குப் பின்னால் சொருகி வைத்தார். அது துடித்ததும் எழுந்து போய்ச் சுவரோடு சுவராக நின்று, கண் பெட்டியில், காது போனில் என்று கிசுகிசுப்பார்.

"என்னப்பா, ரகசியம் பேசுற மாதிரி பேசுறீங்க?"

"இங்க பிள்ளைங்க தூங்குதும்மா."

"எந்தப் பிள்ளைங்க?"

"இருபது பேர்."

மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அடுத்த பௌர்ணமி வரைக்கும் அவருக்குத் தாங்கும்.

திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. ஒரு சின்னப் போன், ஒரு மணி நேரம், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் அன்றைக்கு மட்டும் அந்தப் பிரார்த்தனை வேகவேகமாக வரும். கண்ணைச் சரியாக மூடக்கூட மாட்டார்.

எட்டுப் பௌர்ணமி இப்படிப் போனது. முதல் ஆறில் மகள் பேசினாள். ஏழாவதில் பேசவில்லை. எட்டாவதிலும் இல்லை. புது வேலை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த இரண்டு சாயங்காலமும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏழாம் பெட்டியையும் பார்த்தார், அதன் பின்னாலும் பார்த்தார். போன் துடிக்கவில்லை. ஏழாம் பெட்டிப் பல்லிதான் வாலை மேலே வளைத்து, இறக்கி, மறுபடி வளைத்தது. ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒன்பதாம் பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போது மகளிடமிருந்து செய்தி வந்தது. வாட்ச்மேனிடம் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகு தானே நாலு தடவை படித்தார். "அப்பா, இந்தப் பௌர்ணமிக்கு நிச்சயம். பாப்பா தாத்தான்னு சொல்றா. கேளுங்க."

"பார்ரா, வாலெண்ணி தாத்தா ஆயிட்டாரு!" என்று வாட்ச்மேன் முதுகில் தட்டினார். "போய்யா" என்றாரே தவிர, அன்று முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு மறுநாள்தான் டாக்டரம்மா கீழே ஓடி வந்தார். கையில் ஒரு பெரிய தாள். மேசையில் விரித்தார்.

"அண்ணா, இங்க வாங்க. இது நீங்க போட்ட கோடுதான். எட்டு மாசத்தையும் வரைஞ்சிருக்கேன். இதைப் பாருங்க!"

தாளில் ஒரு கோடு தரையோடு தரையாக ஊர்ந்து, திடீரென்று மலை மாதிரி எழும்பி இறங்கியது. மறுபடி ஊர்ந்தது, மறுபடி மலை. எட்டு மலைகள்.

"ஏழாம் பெட்டி. சாதாரண சாயங்காலத்துல மூணு, நாலு. பௌர்ணமி சாயங்காலத்துல பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொண்ணு! பக்கத்துல ஆறும் எட்டும் கொஞ்சம் கம்மி. தள்ளித் தள்ளிப் போகக் குறையுது. இதுல எந்தப் பெட்டிக்கும் கம்பிச் சுருளே கிடையாது அண்ணா! எல்லாம் ஜன்னல் பக்கம். துணி போட்டு மூடியும் அதுங்களுக்கு நிலா தெரியுது!" அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "ஆறு வருஷமா இதுக்காக அலையுறேன். போன தடவை மேலிடத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? பல்லி வாலுக்கு ஒரு அறையான்னு. அடுத்த மாசம் கருத்தரங்குல இதை வைக்கப் போறேன். உங்க பேரையும் போடுவேன். நிஜப் பேரு."

அவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் அந்தத் தாளில், ஏழு என்று எழுதின இடத்திலேயே நின்றுவிட்டது. மெதுவாகக் கேட்டார்:

"அம்மா... அந்தக் கம்பியில வர்ற மாதிரி, போன்லயும் ஏதாச்சும் வருமா?"

"ஓ, வரும். வேற மாதிரி அலை, ஆனா வரும். அதனாலதானே வெளியே தட்டு வச்சிருக்கேன். அதுவும் இந்த மாதிரி டவர் கிடைக்காத இடத்துல ரொம்ப மோசம்."

"ஏம்மா?"

"விடாமத் தேடிக்கிட்டே இருக்கும்ல. கிடைக்கலைன்னா இன்னும் பலமாக் கூப்பிடும்." சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனார்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சோறு இறங்கவில்லை. மனசைக் கரையான் அரித்தது. வாயைத் திறந்தால் அந்த அம்மாவின் எட்டு மாதமும் எட்டு மலையும் மண்ணாகிவிடும். வேலையும் போகும். அந்த அறையை விட்டால் தன்னோடு பேசுகிறவர் யார்? வீட்டில் கவிழ்த்து வைத்த தட்டா? எல்லாவற்றையும் விட, சொன்னபின் இந்தப் பௌர்ணமிக்குப் போனை எப்படி உள்ளே கொண்டுபோவது? சொல்லாவிட்டாலோ யாருக்கும் தெரியாது. பல்லியா வந்து சாட்சி சொல்லப் போகிறது?

மூன்றாம் நாள் காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். "ஆண்டவா, பார்க்கிறதை..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. தப்பை மறைத்துவிடலாம், அதை வைத்துக்கொண்டு பிரார்த்தனை மட்டும் செய்ய முடியாது போலிருக்கிறது. எழுந்து மாடிக்குப் போனார். முழங்கால் வலியில் ஒவ்வொரு படியிலும் நின்று போனார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாது.

"அம்மா, அது நிலா இல்லையோ என்னவோ. பௌர்ணமி அன்னிக்கு நான் போனை உள்ள கொண்டுபோனேன். ஏழாம் பெட்டிக்குப் பின்னாடி வச்சேன். எட்டுத் தடவையும்."

பேனா நின்றது. "என்ன அண்ணா சொல்றீங்க?"

"பொண்ணு பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேசும்மா. அங்கதான் ஒரு கோடு சிக்னல் வரும்."

"எட்டுத் தடவையும் பேசினாளா?"

"ஆறு தடவை. கடைசி ரெண்டுல பேசலை. காத்துக்கிட்டு இருந்தேன்."

அந்த அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எட்டு மாசம் அண்ணா. எட்டு மாசம்!" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்து எழுந்து, "வாங்க" என்று கீழே கூட்டிப்போனார். இவருடைய போனை வாங்கி ஏழாம் பெட்டிக்குப் பின்னால் வைத்தார். இருவரும் நின்று பார்த்தார்கள். பல்லி அசையவில்லை. பிறகு தலையைத் திருப்பியது. பிறகு வாலின் நுனி மெல்ல மேலே வந்தது.

"போன்தாம்மா!" என்றார் இவர், அழாத குறையாக.

"தெரியாது." அந்த அம்மா தலையை ஆட்டினார். "ஒரு தடவை தூக்கினதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அலையா இருக்கலாம், நீங்க கிசுகிசுன்னு பேசின குரலா இருக்கலாம், அது அதிர்ந்ததா இருக்கலாம்."

"பேசாத ரெண்டு மாசமும் தூக்கிச்சேம்மா."

"ஆமா. அப்ப நீங்க அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து தவிச்ச தவிப்பாக்கூட இருக்கலாம். நிலாவாவும் இருக்கலாம். எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கு. இதை வச்சுக்கிட்டு நான் மேடையில ஏற முடியாது." பெருமூச்சு விட்டார். "கருத்தரங்குக்கு வரலைன்னு எழுதிடுறேன்."

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்கம்மா."

"அனுப்பினா அப்புறம் யாரு உட்காருறது? இந்தப் பௌர்ணமிக்கு நீங்கதான் உட்காரணும் அண்ணா. அதே ஆளு, அதே ஸ்டூலு, அதே நேரம். போன் மட்டும் இருக்கக் கூடாது. அப்பதான் எது மாறுதுன்னு தெரியும்." கதவு வரை போனவர் திரும்பினார். "உங்க பொண்ணை வேற நாள் பேசச் சொல்லுங்களேன்."

"சொல்றேம்மா" என்றார்.

சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். பௌர்ணமிக்கு வேண்டாம் மறுநாள் பேசு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாசத்தில் ஒரு நாள். அதுவும் ஏற்கெனவே இரண்டு தடவை தவறிப்போன நாள். பழைய வேட்டி மாதிரி, உடுத்தும்வரை உடுத்தலாம், பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். வேண்டாம் என்கிற வார்த்தை தன் பக்கத்திலிருந்து போனால், அவளும் சரி வேண்டாம் என்று விட்டுவிட்டால்? ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். எழுதினதைவிட அழிப்பதற்கு அதிக நேரம் பிடித்தது.

பௌர்ணமி வந்தது.

ஐந்தே முக்காலுக்கு வாசலுக்குப் போய் போனை வாட்ச்மேன் கையில் கொடுத்தார்.

"என்னய்யா இது? தட்டுல வைக்க வேண்டியதுதானே?"

"அங்க டவர் இல்ல. பொண்ணு கூப்பிட்டா எடுத்துப் பேசு. எடுக்காம விட்டுடாதே."

"நானா? நான் என்னத்தைப் பேச?"

"அப்பா வேலையில இருக்காருன்னு சொல்லு. நல்லா இருக்காருன்னு சொல்லு."

வாட்ச்மேன் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போனைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினார்.

கீழே அறையில் எல்லாம் எப்போதும் போல. ஸ்டூல். நோட்டு. நன்றாகக் கண்ணை மூடி, முழுப் பிரார்த்தனையையும் நிதானமாகச் சொன்னார். ஆறு மணி. ஏழாம் பெட்டிப் பல்லி கண்ணாடிப் பக்கம் வந்து உட்கார்ந்தது.

ஆறு ஐந்து. பதினான்காம் பெட்டி வாலைத் தூக்கியது, கோடு. ஆறு பத்து. இந்நேரம் அவள் குழந்தையோடு சாப்பிட உட்கார்ந்திருப்பாள். ஆறேகால். இந்நேரம் கூப்பிட்டிருப்பாள். அவர் காது, எந்தச் சத்தமும் வராத இடத்தில் சத்தத்தைத் தேடியது. ஜன்னலுக்கு வெளியே, துணிக்கு அந்தப் பக்கம், நிலா ஏறிக்கொண்டிருக்கும். ஏழாம் பெட்டியின் வால் அசைந்தது. உயர்ந்தது. கோடு. சிறிது நேரம் கழித்து மறுபடியும். கோடு. மூன்றாவது கோடு போடும்போது ஒரு எண்ணம் வந்தது: இன்னும் பத்து உயர்ந்தால் இது நிலாதான் என்றாகும், போன் மேல் பழி இல்லை, போனை உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த மாசம் கேட்டுப் பார்க்கலாம். கை கொஞ்சம் முந்தியது. பல்லி வாலை அசைத்ததே தவிரத் தூக்கவில்லை. பென்சிலை மேலே எடுத்துவிட்டார். பார்க்கிறதை மட்டும்.

ஏழு மணிக்கு வெளியே டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நோட்டை வாங்கி விரலை வைத்துப் பார்த்தார்.

"ஏழாம் பெட்டி ஆறு."

"ஆறுதாம்மா. பார்த்தது அவ்வளவுதான்."

"பத்தொன்பது இல்ல. மூணும் இல்ல." அந்த அம்மா தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "அப்ப நிலாவுக்கும் ஏதோ பங்கு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இன்னும் எட்டுப் பௌர்ணமி உட்காருவீங்களா அண்ணா? இதே மாதிரி?"

"உட்காருறேம்மா."

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்கள்ல?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

படியேறி வெளியே வந்தபோது நிலா வாசல் கதவுக்கு மேலே நின்றது. பௌர்ணமிச் சாயங்காலங்களை மூடின அறையில் கழித்துவிட்டு, வெளியே வந்ததும் தலை குனிந்தே வீட்டுக்குப் போய்விடுவதால், அவர் அதை நேரில் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. நின்று பார்க்கத் தோன்றவில்லை. முழங்கால் விட்ட வேகத்தில் வாசலுக்குப் போனார்.

வாட்ச்மேன் எழுந்து நின்றிருந்தார். கையில் போன்.

"கூப்பிட்டுச்சுய்யா. ஆறு இருபதுக்கு."

"என்ன சொல்லிச்சு?"

"அப்பா எங்கன்னு கேட்டுச்சு. வாலை எண்ணிக்கிட்டு இருக்காரு, இனிமே பௌர்ணமி அன்னிக்குக் கையில போன் இருக்காது போலிருக்கு, வேற நாள் கூப்பிடும்மான்னு நானே சொல்லிட்டேன். தப்பா?"

"அதுக்கு என்ன சொல்லிச்சு?"

"ஐயோ, அப்பா சொல்லவே இல்லையேன்னுச்சு. பார்க்கிறேன்னு சொல்லிச்சு."

"பார்க்கிறேன்னா?"

"பார்க்கிறேன்னா பார்க்கிறேன்தான். எனக்கு எப்படிய்யா தெரியும்?" வாட்ச்மேன் போனைக் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம் குழந்தை பேசிச்சு."

"பேசிச்சா?"

"எங்கிட்டதான்யா சொல்லிச்சு, தாத்தான்னு. நான் உன் தாத்தா இல்லம்மான்னு எப்படிச் சொல்றது? ஆமாம்மா, ஆமாம்மான்னேன்."

இவர் பக்கத்திலிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். போனைத் திறந்து பார்த்தார். நாலு கோடும் நிறைந்திருந்தது. ஆறு இருபது, பேசினது மூன்று நிமிஷம் என்று எழுதியிருந்தது. அதற்குள் குரல் எதுவும் இல்லை.

"எப்படிச் சொல்லிச்சு?" என்று கேட்டார்.

"எப்படின்னா? தாத்தான்னுதான்."

"அது சொன்ன மாதிரி சொல்லு."

வாட்ச்மேன் அக்கம்பக்கம் பார்த்தார். ஊரையே கிண்டலடிக்கிற மனிதருக்கு முதல் தடவையாக வெட்கம் வந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சின்னதாக்கி, "த்தா... த்தா..." என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டாவது கொஞ்சம் இழுத்துச்சு. த்தாஆ..." என்று திருத்தினார்.

இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.